குழலியக்காவின் இருநூறு வருடக் குடிசை

இலுப்பந்தாங்கல் ஆற்றங்கரையில் ஒரு குடிசை இருக்கிறது. அதன் வாசலில் ஒரு மரப்பலகை. 'இருநூறு ஆண்டுப் பழமையான ஆற்றோரக் குடில். ஏழு தலைமுறையாக ஒரே குடும்பம் இங்கு வாழ்கிறது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். அந்தக் குடிசைக்கு வருகிற தை மாதம் நான்கு வயது முடிகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதன் கூரைக்கு மூங்கில் பிடித்துக் கொடுத்தவளே நான்தான்.

என் பெயர் ஜாஸ்மின். ஒரகடம் பக்கம் ஒரு சார்ஜர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அந்தக் குடிசையில் ஏழாவது தலைமுறையாக வாழ்வதாகச் சொல்லப்படும் ஏலவார்குழலியும் நானும் ஒன்பது வருடம் ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். உட்கார்ந்திருந்தவர்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் லைனில் ஸ்டூல் கிடையாது. எட்டு மணி நேரமும் நின்றோம். எங்கள் வீடுகளும் இலுப்பந்தாங்கலில் ஒரே தெரு. எனக்கு அவள் குழலியக்கா.

அக்கா பிறந்தது காஞ்சிபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். அவள் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கட்டிக்கொண்டது ஏகாம்பரநாதனை. காஞ்சிபுரத்துச் சாமி, அம்மன் பெயரே இருவருக்கும் அமைந்த பொருத்தத்தைப் பார்த்துக் கோயில் குருக்களே சிரித்தாராம். ஆனால் இந்த ஏகாம்பரநாதன் படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், வாயைத் திறந்தால் டிராஃபிக் பற்றி மட்டும்தான் பேசுவார். ஒரே மகள் உமாதேவி, பாலிடெக்னிக் படிக்கிறாள். தெருவில் மாமனார் கட்டிய காங்கிரீட் வீடு. அக்கா தன் சம்பளத்தில் அதற்கு டைல்ஸ் போட்டாள், மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாள், சமையலறையில் பச்சைக் கல் பதித்தாள். ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார்த்து, உள்ளே காற்று இருந்தால் பேர்த்து மறுபடி ஒட்ட வைத்தாள். மேஸ்திரி அழாத குறை. லைனில் அவள் கையைத் தாண்டி ஒரு பழுதான சார்ஜர் வெளியே போனதில்லை.

நாற்பது வயதானதும் காண்டிராக்டர் அவளை வரவேண்டாம் என்றான். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வேன் வேனாக வந்து இறங்கும்போது நாற்பது வயது யாருக்கு வேண்டும்? கடைசி நாள் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள், கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். "இன்னாமோ தாலிய கழட்டிக் குடுத்தா மாரி கீது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. காண்டிராக்டர் மேலா, அவள் மேலா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வருடம் ஆற்றங்கரையில் மஞ்சள் கல் நட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மஞ்சள் கல் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முப்பது வருடமாக பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் என்று கல் நட்ட இடத்திலெல்லாம் கம்பெனி வந்தது. நிலம் எடுக்கப்போகும் அரசு ஆட்கள் கல் நட்டுவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுக்க ஆள் வரும். அன்றைக்கு நிலத்தின் மேல் என்ன நிற்கிறதோ அதெல்லாம் நஷ்டஈட்டுக்கு எழுதப்படும். மரம் நின்றால் மரம், கிணறு இருந்தால் கிணறு. வீடு இருந்தால் மாற்று மனை. எனவே கல்லுக்கும் கணக்குக்கும் நடுவில் எங்கள் ஊரில் எல்லாம் வேகமாக முளைக்கும். ஒரே வாரத்தில் ஒருவர் நாற்பது மாங்கன்று நட்டார், ராஜம்மா கோழிப்பண்ணை போட்டாள். அதில் கோழியைத் தவிர எல்லாம் இருந்தது.

ஏகாம்பரநாதனுக்கு ஆற்றோரம் முப்பத்திரண்டு சென்ட் உண்டு. அதில் ஏர் பிடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு குடிசை போடுவது என்று முடிவாயிற்று. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடித்துவிட்டும் முடிக்காமலும் போய் மூங்கில் கட்டினோம். கட்டக் கயிறு போதவில்லை. எங்கள் கம்பெனியில் பெட்டி கட்டும் நீல ஸ்ட்ராப் துண்டுகள் ஒரு மூட்டை என் வீட்டில் கிடந்தன, அதை வைத்து இறுக்கிவிட்டோம். நீலம் தெரியக்கூடாது என்று அக்கா அதன் மேல் பனைநாரைச் சுற்றினாள். யாரும் அவளிடம் அவ்வளவு வேலை கேட்கவில்லை. பழைய பானை, உரல், துருப்பிடித்த லாந்தர் எல்லாம் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு நான்கு நாள் பச்சைத் தழையைப் போட்டு உள்ளே புகை மூட்டினாள்.

"இன்னாக்கா பண்ற?" என்றேன், கண் எரிய.

"ஏஜிங் பண்றேண்டி" என்றாள்.

சார்ஜரைப் பெட்டியில் போடும் முன் ரேக்கில் மாட்டி நான்கு மணி நேரம் ஓடவிடுவோம், அதற்குப் பெயர் ஏஜிங். அவள் குடிசையை நான்கு நாள் ஓடவிட்டாள். சுவரும் கூரையும் கன்னங்கரேலென்று ஆகிவிட்டன. எனக்கே அங்கே யாரோ நூறு வருடம் கஞ்சி காய்ச்சியது போலத் தோன்றியது.

கணக்கெடுக்க ஆள் வந்தது. அப்படித்தான் நினைத்தோம். காரிலிருந்து கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் இறங்கினாள். கையில் டேப்லெட். குடிசைக்குள் போனவள் வாய் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ வருஷமா இருக்கும்மா இந்த வீடு?"

கணக்கெடுப்பவரிடம் பழசு என்று சொன்னால்தான் நல்லது, புதிது என்றால் கல் நட்ட பிறகு கட்டியது என்று தள்ளிவிடுவார்கள். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "எங்க மாமியாரோட மாமியாரோட மாமியாரு வாழ்ந்த வூடும்மா. எறநூறு வருஷம் ஆவும்."

நான் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அந்த இடம் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் நான்கு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. எருமைகூட மிஞ்சவில்லை.

அந்தப் பெண் கணக்கெடுக்க வந்தவளே இல்லை. பெயர் பிரவீனா, ஆற்றோரச் சுற்றுலாப் பூங்காவை நடத்தப்போகும் கம்பெனியின் ஆள். இந்த முறை நிலத்தை யாரும் எடுக்கப்போவதில்லை, குத்தகைக்குத்தான் கேட்டார்கள். ஆற்றில் தடுப்பணை கட்டித் தண்ணீரை நிறுத்தி, படகு விட்டு, கரையெல்லாம் காட்டேஜ் கட்டப்போகிறார்களாம். ஒன்பது மாதம் மணலாகவும் மூன்று மாதம் முழங்கால் தண்ணீராகவும் இருக்கும் எங்கள் ஆற்றில் படகா என்று ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் கட்டினார்கள். தண்ணீரும் நின்றது. வாத்து உருவத்தில் படகுகள் வந்தன. மாங்கன்றுகளையும் கோழியில்லாத பண்ணையையும் பிடுங்கிப் போட்டார்கள். குழலியக்காவின் குடிசையை மட்டும் தொடவில்லை. அதற்கு ஒரு வேலி, ஒரு பலகை, பஞ்சாயத்திடம் சொல்லி ஒரு கதவு எண்.

அக்காவுக்கு வேலையும் கிடைத்தது. குடிசையில் வாழ்வதுதான் வேலை. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வாழ வேண்டும். ஆறு மணிக்கு விசில் அடிப்பார்கள், அதற்கு மேல் யாரும் உள்ளே இருக்கக்கூடாது. செக்யூரிட்டி பூட்டிக்கொண்டு போவார். ஐடி கார்டும் கொடுத்தார்கள், ஆனால் வெளியே தெரியக்கூடாது. ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். முதல் நாள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கயிற்றை இழுத்துக் காட்டினாள். முகமெல்லாம் பல்.

உரலில் மாவு இடிக்கச் சொன்னார்கள். காஞ்சிபுரம் சந்தில் கிரைண்டரோடு வளர்ந்தவளுக்கு உலக்கையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். எந்த ஊர்க் கட்டோ தெரியாத ஒரு சேலைக்கட்டை பிரவீனா காட்டிக் கொடுத்தாள். பாதி நாள் மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் வரும், அதைக் குதிருக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிடுவாள். நான் போய் கேலி செய்வேன்.

"ஏழாவது தலமொற, டிபன் பாக்ஸ்ல லெமன் ரைஸ் துன்னுதா?"

"அடிங்க... யாருனா வந்தா எதிர்ல நில்லுடி, மறைச்சிக்கோ."

ஒருநாள் எங்கள் பழைய லைன் சூப்பர்வைசர் ரஞ்சித் குடும்பத்தோடு வந்தார். அவளை ஒன்பது வருடம் மேய்த்தவர். அக்கா ஊற்றிக் கொடுத்த கூழை வாங்கிக் குடித்துவிட்டு, தன் மகளிடம், "பாரும்மா, இவங்கல்லாம் ஃபேக்டரியே பாக்காத ஜனங்க. எவ்ளோ நிம்மதியா இருக்காங்க பாரு" என்றார். அக்கா சிரித்துத் தலையாட்டினாள். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "மெய்யாலுமே என்னத் தெரில அவருக்கு. நான் வேற யாரோ ஆயிட்டேனா ஜாஸ்மினு?" என்று கேட்டாள். அவருக்குக் கண் சரியில்லை என்று சொல்லி மழுப்பினேன்.

எப்போது மாறினாள் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் டிபன் பாக்ஸ் நின்றது. குடிசை அடுப்பிலேயே நிஜமாகச் சமைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அப்புறம் அங்கே ஒரு முருங்கைக் கிளை நட்டாள். அப்புறம் மூன்று கோழி. பூங்கா லீவு நாளிலும், கோழிக்குத் தீனி வைக்க வேண்டும் என்று போனாள். மாமியாரோட மாமியார் கதையைப் பார்வையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி அந்த மாமியாருக்கு சின்னப்பொண்ணு என்று பெயர் வைத்து, அம்மை வந்து செத்ததாகச் சாவும் வைத்துவிட்டாள். ஒருநாள் எனக்கே அந்தக் கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா, இது நான் மூங்கில் பிடித்த குடிசை என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவள் அடுத்த பார்வையாளருக்குக் கூழ் ஊற்றப் போய்விட்டாள்.

தெருவில் டைல்ஸ் வீட்டுக்கு அவள் குளிக்கவும் படுக்கவும் மட்டும் வந்தாள். உமாதேவி என்னிடம் வந்து அழுதாள். "அம்மாவுக்கு இன்னா ஆச்சு ஆன்ட்டி? எங்க வூட்டு கிச்சன் பல்பு ஃபியூஸ் ஆயி ஒரு மாசம் ஆவுது. அங்க லாந்தர் கண்ணாடிய தெனிக்கும் தொடைக்குது."

போன பங்குனியில் மறுபடி மஞ்சள் கல் நட்டார்கள். இந்த முறை எங்கள் தெருவில்.

பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை முந்நூறு கார் வருகிறது, நிறுத்த இடமில்லை. எங்கள் தெருவின் மேற்கு வரிசையில் பதினோரு வீடுகளை எடுத்துப் பார்க்கிங் ஆக்குகிறார்கள். எடுக்கப்படும் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு தெரு தள்ளி மாற்று மனை. குடியில்லாத வீடு என்றால் இடிக்கும் செலவு மட்டும் அரசுடையது, மனை கிடையாது. பதினொன்றில் ஏழாவது குழலியக்காவின் வீடு.

பத்துப் பேருக்கு மனை எழுதினார்கள். அக்காவுக்கு எழுதவில்லை. கோப்பிலேயே பூங்காவின் வண்ணக் கையேடு இருந்தது. அதில் அக்கா உலக்கையோடு நிற்கிற படம், ஏழு தலைமுறையாக இக்குடிலில் வசிப்பவர் என்று கீழே. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அவள். குடும்பத் தலைவி ஆற்றோரக் குடிலில் இருக்கிறாள், எனவே தெரு வீடு குடியில்லாத வீடு. ஆதாரைக் காட்டினாள். அதிலும் ரேஷன் கார்டிலும் ஊர்ப் பெயர்தான் இருந்தது, தெருப் பெயர் இல்லை. கரண்ட் பில் செத்துப்போன மாமனார் பெயரில் இருந்தது. நாங்கள் சொன்ன ஒரு பொய் இவ்வளவு ஒழுங்காக எங்கும் பதிவாகியிருக்கும் என்று யார் நினைத்தோம்?

ஏகாம்பரநாதன் முதல்முறையாக டிராஃபிக் அல்லாத ஒரு விஷயம் பேசினார். "குடிச பொய்னு சொல்லிடு. வேல போனா போட்டும். வூடு முக்கியம்."

"சொல்லிடறேன்" என்றாள் அக்கா. அப்புறம் என்னைப் பார்த்து, "ஆனா எது பொய்யி ஜாஸ்மினு? நான் தெனிக்கும் அங்கதான கீறேன்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யக்கா, லூசாட்டம் பேசாத. டைல்ஸ ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து ஒட்டினியே, அந்த வூடு யாருது?"

"அதுவும் என்துதான்" என்றாள், குற்றம் செய்தவள் மாதிரி.

நேரில் பார்த்து எழுத சர்வேயர் வருவதாகச் சொன்னார்கள். சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பெயர் செந்தமிழன், நல்ல மனிதர், குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். நான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போயிருந்தேன். அக்கா காலையிலேயே குடிசைக் கூரையில் ஒரு முடிச்சை அவிழ்த்து, பனைநாருக்குள் இருந்த நீல ஸ்ட்ராப்பை வெட்டி எடுத்து வந்திருந்தாள். அதில் எங்கள் கம்பெனி பெயர் அச்சாகியிருந்தது. தெரு வீட்டு வாசலில் வைத்து அதை நீட்டினாள்.

"சார், எறநூறு வருஷத்துக்கு முன்னாடி இது ஏது சார்? நாங்க கட்டின குடிச சார் அது. கல்லு நட்டப்புறம் கட்டினது."

அவர் ஸ்ட்ராப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார். நானும் வெள்ளக் கதையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். "சரிம்மா. குடிசை எப்போ கட்டினதுங்கறது என் வேலை இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் எழுதணும். நீங்க குடியிருக்கற வீடு இதுதானே? சொல்லுங்க, எழுதிட்டுக் கெளம்பறேன்."

பேனாவைத் திறந்துவிட்டார். உமாதேவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏகாம்பரநாதன் மாடிப்படியில் நின்றார். ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை. அக்கா வாயைத் திறந்தாள்.

அப்போது மழை பிடித்தது. கோடை மழை, முன்னறிவிப்பே இல்லாமல் பெரிய பெரிய துளியாக. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, வெளுத்த பெட்ஷீட், உமாவின் யூனிஃபார்ம் எல்லாம். ஏகாம்பரநாதன், "துணி! குழலி, துணி!" என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினார்.

அக்கா வானத்தைப் பார்த்தாள். "ஐயையோ சார், வூட்ல மொளகா காயுது!" என்றாள். மகளின் கையை உதறிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினாள்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டுமா? கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாளா? உமாதேவி நடுத்தெருவில் நனைந்துகொண்டு நின்றாள். செந்தமிழன் சார் அக்கா ஓடிய திசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தாள் நனையாமல் குனிந்து என்னவோ எழுதி, நோட்டை மூடினார்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தபால் வந்தது. ஏகாம்பரநாதன் அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்து, நீயே கொடுத்துவிடு என்றார். நான் ஷிஃப்ட் முடித்துக் குடிசைக்குப் போனபோது சாயங்காலம் ஐந்தரை. கடைசிப் பார்வையாளர்கள் போய்விட்டிருந்தார்கள். அக்கா அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, சத்தமாகப் படித்தாள்.

"நேரில் விசாரித்ததில், குடும்பத் தலைவி ஆற்றோரக் குடிலையே தம் வீடாகக் கொண்டு வசிப்பது தெளிவாகிறது. எனவே மாற்று மனைக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

இரண்டாவது முறை வாய்க்குள் படித்தாள். நான் மேல்முறையீட்டுக்கு என்ன எழுத வேண்டும் என்று போனில் குறித்து வைத்திருந்தேன். முப்பது நாள் அவகாசம் உண்டு என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இதுல தப்பா இன்னா எழுதிகீறாரு?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். "நீ சொல்லு ஜாஸ்மினு. அவரு பாத்தத தான எழுதிகீறாரு? பொய் சொன்னது நாம தான? அப்ப நாம எதச் சொல்லி மாத்தி எழுதச் சொல்றது?"

நான் கூரையைப் பார்த்தேன். ஸ்ட்ராப்பை வெட்டிய இடத்தில் புதுப் பனைநார் சுற்றியிருந்தது, அதன் மேலும் புகை படிந்து பழையதோடு சேர்ந்துவிட்டிருந்தது.

விசில் அடித்தது. ஆறு மணி. செக்யூரிட்டி சாம்சன் அண்ணன் பூட்டோடு வந்து வாசலில் நின்றார். "டைம் ஆச்சும்மா" என்றார். அக்கா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஐடி கார்டை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள், கோழிகள் மேல் கூடையைக் கவிழ்த்தாள், தபாலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். நானும் வந்தேன். அண்ணன் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாக்கா, வூட்டுக்குப் போலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன்.